முப்பத்தொரு கிலோவும் ஒரு விரல் கட்டையும்

அவரை எல்லோரும் நங்கூரம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை வைத்தது யார் என்று தெரியவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். துறையில் நிற்கும் படகில் அவர் காலை வைத்தால் படகு அந்தப் பக்கம் சாயும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு வேறு வழியில்லை என்பதுபோல நிமிரும். பெயரைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்ததில்லை. "நங்கூரம்னா படகுல முக்கியமான சாமான்தானே" என்று சொல்லிவிடுவார்.

படகோட்ட வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் பார்சல் ஆபீஸில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பெரிய தராசு இருந்தது. பாதி நாள் அது பழுது. பழுதான நாட்களில் மேலாளர் இவரைக் கூப்பிட்டு மூட்டையைத் தூக்கச் சொல்வார். இவர் தூக்கி, இறக்கி, "முப்பத்தேழு" என்பார். முப்பத்தேழு என்றே எழுதிக்கொள்வார்கள். தராசு சரியான பிறகு வைத்துப் பார்த்தால் முப்பத்தாறரை இருக்கும். நாளடைவில் தூக்கவே தேவைப்படவில்லை, பார்த்தாலே போதும் என்றாகிவிட்டது. மூட்டையைப் பார்த்துப் பழகிய கண் மனிதர்களை மட்டும் விட்டுவைக்குமா? கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணை முதல் முறை பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, "பொண்ணு எப்படிடா?" என்று அம்மா ஆவலாகக் கேட்டார். "அம்பத்திரண்டு" என்றார் இவர். அம்மா அதை வயது என்று நினைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஐம்பத்திரண்டு ஒரு தையல்காரி. வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு, ரவிக்கையிலிருந்து பள்ளிச் சீருடை வரை தைப்பவள். பேசும்போதும் வாயில் இரண்டு குண்டூசி இருக்கும். அவளுடைய அண்ணன் படகு என்ஜின் மெக்கானிக். பார்சல் ஆபீஸை இழுத்து மூடியபோது, ஏரிக்கு அக்கரையில் இருந்த பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களை ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்று விசாரித்து, இவரைச் சேர்த்துவிட்டது அந்த மச்சான்தான். ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். இரண்டு பேரும் அப்போது ஒரே தட்டில் சாப்பிடாத குறை.

வேலை இதுதான். ஏரியைச் சுற்றிப் போனால் இரண்டு பஸ் மாறி ஒன்றேகால் மணி நேரம். குறுக்கே படகில் போனால் பதினான்கு நிமிஷம். காலை எட்டரைக்குக் கிளம்பி எட்டு நாற்பத்துநாலுக்குப் பள்ளிக்கூடத் துறை. மாலை நாலே காலுக்குத் திரும்பல். பதினாறு அடி ஃபைபர் படகு, பின்னால் இருபத்தைந்து குதிரைச் சக்தி என்ஜின். ஸ்டியரிங் கிடையாது. ஓட்டுபவர் கடைசியில் வலப்பக்கம் உட்கார்ந்து, என்ஜினிலிருந்து நீண்டிருக்கும் கைப்பிடியை இடக்கையால் பிடித்துத் திருப்ப வேண்டும்.

தினமும் ஏறுபவர்கள் நான்கு பேர். தலைமையாசிரியை, கணக்கு வாத்தியார், விளையாட்டு வாத்தியார், ஓவிய டீச்சர். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை நங்கூரம் முதல் வாரமே முடிவு செய்துவிட்டார். தலைமையாசிரியைக்கு முன் பலகை. "தலைமைன்னா முன்னாடிதான் டீச்சர், அதுதான் மரியாதை" என்றார். அவருக்கு ரொம்பத் திருப்தி. விஷயம் என்னவென்றால் தலைமையாசிரியை எழுபத்தெட்டு கிலோ, படகின் மூக்கை அழுத்திப் பிடிக்க முன்னால் அவ்வளவு தேவைப்பட்டது. எழுபத்தொன்றும் அறுபத்துநாலும் நடுவில் இடப்பக்கம். அதாவது கணக்கு வாத்தியாரும் விளையாட்டு வாத்தியாரும். நாற்பத்தாறு கிலோ ஓவிய டீச்சர் மட்டும் வலப்பக்கம், ஏனென்றால் அந்தப் பக்கத்துக்கு நங்கூரம் ஒருவரே போதும். தாங்கள் அடுக்கப்பட்டிருக்கிறோம் என்பது நான்கு பேருக்கும் தெரியாது. ஓவிய டீச்சர் வருஷக்கணக்காக அதில் வந்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வருவார், இறங்கிப் போய்விடுவார்.

மச்சானோடு சண்டை வந்தது புது என்ஜின் வந்த அன்றைக்கு.

இந்த என்ஜின் சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். படகின் பின்பலகையைக் கவ்விக்கொண்டு என்ஜின் தொங்கும். அதன் கால் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும், காலின் நுனியில் விசிறி. கால் ரொம்ப ஆழமாக இறங்கினால் தண்ணீரை உழுதுகொண்டு போகும், வேகம் வராது. ரொம்ப மேலே ஏறினால் திருப்பத்தில் விசிறி காற்றைக் குடித்துவிட்டு ஊளையிடும், படகு நகராது. எனவே பலகைமேல் மெல்லிய கட்டை வைத்து அதன்மேல் என்ஜினை உட்கார்த்தி உயரத்தைச் சரி செய்வார்கள். இன்னொன்று சாய்வு. என்ஜினின் காலுக்கு அணையாகக் குறுக்கே ஒரு கம்பி போகும். அதைச் செருக ஐந்து துளைகள். பலகையை ஒட்டிய முதல் துளையில் செருகினால் கால் உள்பக்கம் ஒடுங்கி, படகின் மூக்கைத் தண்ணீரில் அழுத்தும். கடைசித் துளையில் செருகினால் கால் வெளியே நீட்டிக்கொண்டு மூக்கைத் தூக்கும். எந்தத் துளை என்று என்ஜினைப் பார்த்துச் சொல்ல முடியாது. படகில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மச்சான் அன்றைக்குப் புத்தகத்தில் போட்டிருந்தபடி மூன்றாவது துளையில் கம்பியைச் செருகி, விதிப்படி கட்டை வைத்து மாட்டினார். நாலு ஆசிரியர்களும் ஏறினார்கள். படகு கிளம்பியதும் மூக்கு வானத்தைப் பார்த்தது. தலைமையாசிரியையும் வானத்தைப் பார்த்தார். திருப்பத்தில் வலப்பக்கம் சரிந்து விசிறி ஊளையிட்டது. திரும்பி வந்து, துறையில் பத்துப் பேர் நிற்கும்போது நங்கூரம் சொன்னார்:

"என்ஜினைச் சரியா மாட்டலை மச்சான்."

மச்சான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "என்ஜின் நாப்பத்தெட்டு கிலோ மாப்பிள்ளை. அதுக்குப் பக்கத்துல நூத்திப் பன்னண்டு கிலோ உக்காந்திருக்கு. இதுல எதைக் கழட்டி மாட்டச் சொல்றீங்க?"

துறையே சிரித்தது. கணக்கு வாத்தியார் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. எடையைப் பற்றிப் பேச்சு வந்தால் சிரிக்காமல் இருப்பது அவர் வழக்கம்.

மச்சான் பேச்சோடு நிறுத்தவில்லை. கட்டையை உருவி எறிந்து என்ஜினை அடிவரை இறக்கினார். கம்பியை முதல் துளைக்கு மாற்றினார். படகு தங்கம்போல ஓடியது. அதுதான் நங்கூரத்தால் தாங்க முடியவில்லை. ஓடாமல் இருந்திருந்தாலாவது மனது ஆறியிருக்கும். தன் உடம்புக்கென்றே அளவெடுத்து மாட்டிய என்ஜினை, தினமும் தன் கையாலேயே கிளப்ப வேண்டியிருந்தது.

அன்றைக்கு நின்ற பேச்சு ஆறு வருஷம் நின்றது. மச்சான் என்ஜினுக்கு ஆயில் மாற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், நங்கூரம் அன்றைக்கு வீட்டில் இருப்பார். மச்சான் தங்கையைப் பார்க்க வீட்டுக்கு வருவது வார நாட்களில், அப்போது நங்கூரம் அக்கரையில் இருப்பார். ஆறு வருஷத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தது மூன்று முறை. மூன்று முறையும் இருவரும் திடீரென்று செருப்பு வார் அறுந்ததுபோல் குனிந்துகொண்டார்கள்.

பிறகு முட்டி வலி வந்தது. டாக்டர் ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, முப்பது கிலோவாவது குறைக்காவிட்டால் முட்டிக்குத் தான் பொறுப்பில்லை என்றார். டாக்டரும் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு தொண்ணூற்றாறு இருந்தார். நங்கூரம் அதைச் சொல்லவில்லை.

அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஆசிரியர்களை அக்கரையில் இறக்கிவிட்டால் மாலைவரை அவருக்கு வேலை கிடையாது. அதுவரை படகிலேயே படுத்துத் தூங்கியவர், இப்போது பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நடந்தார். முதல் வாரம் நான்கு சுற்று. மூன்றாம் மாதம் நாற்பது. விளையாட்டு வாத்தியார் பிள்ளைகளிடம், "அவரைப் பாருங்கடா" என்று காட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டார். வீட்டில் தட்டில் வைத்ததைப் பாதியாக்கி, பாதியை மறுபடி பாதியாக்கினார். மனைவி அவருடைய கால்சட்டைகளை மாதம் ஒரு முறை பிடித்துத் தைத்தாள். பதினோரு மாதத்தில் முப்பத்தொரு கிலோ போய்விட்டது. முட்டி வலியும் போனது. பெயர் மட்டும் போகவில்லை.

படகுக்குக் கிறுக்குப் பிடித்தது அப்போதுதான்.

முதலில் தலைமையாசிரியையின் புடவை நனைந்தது. முன்பெல்லாம் நிமிர்ந்து ஓடிய மூக்கு இப்போது தண்ணீரைக் கொத்திக்கொண்டே போனது. கைப்பிடியை நேராகப் பிடித்தால் படகு இடப்பக்கம் போக ஆசைப்பட்டது, கொஞ்சம் திருத்தினால் ஒரேயடியாக வலப்பக்கம் பாய்ந்தது. நங்கூரம் காற்றைக் குறை சொன்னார். காற்றில்லாத நாளில் பாசியைக் குறை சொன்னார். ஒரு வாரம் பெட்ரோலைச் சந்தேகப்பட்டார். தலைமையாசிரியை எடை கூடிவிட்டாரோ என்று ஒரு நாள் ஓரக்கண்ணால் பார்த்தார். இல்லை, அதே எழுபத்தெட்டுதான்.

காரணம் தான்தான் என்று புரிய அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. நூறு கிலோவுக்கு மேல் உட்கார்ந்து பின்பக்கத்தை அமுக்கும் என்று நம்பி, மூக்கை அழுத்தும்படி மாட்டிய என்ஜின் அது. உட்கார்ந்திருந்த ஆளில் முப்பத்தொரு கிலோவைக் காணோம். என்ஜினுக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தது.

வீட்டில் சொன்னார். மனைவி மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். "இதுக்கு என்ன பண்ணணும்?"

"கம்பியை மாத்தணும். என்ஜினைக் கழட்டி ஏத்தி மாட்டணும்."

"மாட்டுனவரைக் கூப்பிடுங்க."

"அதுக்குப் பதிலா நான் மறுபடி சாப்பிட ஆரம்பிச்சிடலாம்."

மிஷின் நின்றது. வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு அவள் திரும்பினாள். குண்டூசியை எடுத்துவிட்டுப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். "உங்க கால்சட்டை ஆறையும் பதினோரு தடவை பிரிச்சுத் தைச்சிருக்கேன். மறுபடி ஊதுனீங்கன்னா போர்வையைக் கட்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போவீங்க."

நங்கூரம் வேறு வழி தேடினார். கட்டடம் கட்டுகிற இடத்தில் கேட்டு இரண்டு சிறிய மூட்டையில் மணல் வாங்கி வந்து, தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தராசு எதற்கு? கண்ணாலேயே பார்த்துச் சரியாக முப்பத்தொரு கிலோ. படகு உடனே பழையபடி ஆனது. மூன்றாம் நாள் தலைமையாசிரியை திரும்பிப் பார்த்தார்.

"அது என்ன மூட்டை?"

நங்கூரத்துக்குச் சட்டென்று பொய் வராது. "அது நான்தான் டீச்சர்" என்றார்.

தலைமையாசிரியை கொஞ்ச நேரம் மூட்டையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "ஆசிரியர் படகுல சரக்கு ஏத்தக்கூடாதுன்னு விதி இருக்கு. நாளைக்கு நீங்க மட்டும் வாங்க" என்றார்.

மணல் இறங்கியது. அடுத்து நங்கூரம் தானே கம்பியை உருவி நான்காவது துளையில் செருகிப் பார்த்தார். ஆள் ஏறாத படகில், ஒரு மாலை நேரம், ஏரியின் நடுவில் அது ஒழுங்காகப் போவதுபோலத்தான் தெரிந்தது. காலையில் ஆசிரியர்கள் ஏறியதும் தவளையாகிவிட்டது. மூக்கு எழும்பும், விழும், மறுபடி எழும்பும். அக்கரை சேரும்வரை கணக்கு வாத்தியார் ஒவ்வொரு விழுகைக்கும் "ம்", "ம்" என்றார். அவருக்கு அது இருபத்தாறாவது வருஷச் சர்வீஸ், இடுப்பு ஏற்கெனவே சரியில்லை. மாலையே கம்பி முதல் துளைக்குத் திரும்பியது. நடுவில் இரண்டு துளை இருந்ததே என்று கேட்கலாம். மச்சானின் வேலையைத் திருத்தத் தனக்குத் தெரியவில்லை என்று ஒரே நாளில் தெரிந்துகொண்டது அவருக்குப் போதுமாக இருந்தது.

விஷயம் முற்றியது ஒரு வியாழக்கிழமை. எதிரே வந்த சரக்கு லாஞ்சு ஒன்று பெரிய அலையைக் கிளப்பிவிட்டுப் போனது. பழைய எடையோடு ஓட்டிய காலத்தில் நங்கூரம் அதைக் குறுக்கே ஏறித் தாண்டிவிடுவார். இப்போது படகு அலையின்மேல் ஏறாமல் அதற்குள் மூக்கை நுழைத்தது. நுழைத்த வேகத்தில் பக்கவாட்டில் திரும்பி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. முன் பலகையில் தலைமையாசிரியை குளித்து முடித்த கோலத்தில் இருந்தார். அவர் மடியில் ஒன்பதாம் வகுப்பின் கணக்குப் பரீட்சைத் தாள்கள், நாற்பத்துமூன்று. மையெல்லாம் கரைந்து நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு வாத்தியார் அவற்றை வெயிலில் காயவைத்துப் பார்த்தார். பாதிப் பேர் என்ன எழுதினார்கள் என்று தெரியவில்லை. கரைவதற்கு முன்பும் தெரியவில்லைதான், ஆனால் மறுபரீட்சை வைக்க வேண்டியதாயிற்று.

தலைமையாசிரியை அன்று மாலை கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தார். திங்கட்கிழமைக்குள் படகு சரியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆசிரியர்கள் பஸ்ஸில் வருவார்கள். பஸ்ஸில் வந்தால் படகோட்டி எதற்கு என்று கடிதத்தில் எழுதியிருக்கவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

நங்கூரம் கடிதத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்தார். கடைசியில், "அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். ஆறு வருஷத்தில் அதைப் பற்றி அவர் சொன்னது அந்த நான்கு சொற்கள்தான். மனைவி போனை எடுத்தாள்.

"அண்ணா, சனிக்கிழமை காலைல படகுத்துறைக்கு வா. ஏன்னு கேக்காதே. ஸ்பேனர் எடுத்துட்டு வா."

சனிக்கிழமை மூன்று பேரும் துறையில் நின்றார்கள். மனைவி நடுவில். மச்சான் படகைப் பார்த்தார், என்ஜினைப் பார்த்தார், பிறகு முதல் முறையாக நங்கூரத்தைப் பார்த்தார். பார்த்த இடத்தில் எதிர்பார்த்த அளவு ஆள் இல்லாததால் பார்வை ஒரு கணம் இருபுறமும் தேடிவிட்டுத் திரும்பியது.

"உன் வீட்டுக்காரர் இப்ப எத்தனைன்னு கேளும்மா" என்றார் தங்கையிடம்.

"எண்பத்து மூணுன்னு சொல்லு" என்றார் நங்கூரம்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" என்றாள் அவள். இருவரும் என்ஜினைப் பார்த்தார்கள். "சரி. எண்பத்து மூணாம் அண்ணா."

"மத்தவங்க எடை வேணும். ஆள் இல்லாம ஓட்டிப் பார்த்தா பிரயோஜனமில்லை."

நங்கூரம் மனைவியைப் பார்த்து வரிசையாகச் சொன்னார். எழுபத்தெட்டு, எழுபத்தொன்று, அறுபத்துநாலு, நாற்பத்தாறு. மச்சான் தான் கொண்டுவந்திருந்த பெரிய பிளாஸ்டிக் கேன்களில் ஏரித் தண்ணீரை நிரப்பி, ஒவ்வொரு ஆசிரியர் இடத்திலும் அளவாக அடுக்கினார். கணக்கு வாத்தியார் மூன்றரைக் கேன். ஓவிய டீச்சர் இரண்டேகால். தலைமையாசிரியைக்குக் கேன் பற்றவில்லை.

"அந்த இடத்துல நீ உக்காரு" என்று நங்கூரம் மனைவியிடம் சொன்னார். "மடியில பதினேழு லிட்டர் வெச்சுக்கோ."

மச்சான் விரல் விட்டார். "எழுபத்தெட்டுல பதினேழு போனா… அப்போ நீ…"

"அண்ணா! என்ஜினைப் பாரு."

மூவரும் ஏறினார்கள், விளையாட்டு வாத்தியாரின் கேன்களை இறக்கிவிட்டு அந்த இடத்தில் மச்சான். அவள் முன் பலகையில், கேனைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு, இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முதலில் எதையும் மாற்றாமல் ஒரு ஓட்டம். மூக்கு கொத்தியது, அவள் நனைந்தாள். மச்சான் கரைக்கு வரச் சொல்லி, கம்பியை இரண்டாவது துளைக்கு மாற்றினார். மறுபடி ஓட்டம். மூக்கு எழுந்தது, தண்ணீர் பக்கவாட்டில் பிரிந்து விழுந்தது.

"கைப்பிடி எப்படி இருக்குன்னு கேளும்மா."

"இழுக்கலைன்னு சொல்லு. ஆனா வேகம் வரலை. கால் ஆழமா கிடக்கு."

"அது எனக்கே தெரியும்னு சொல்லு."

"ரெண்டு பேரும் சொன்னதை ரெண்டு பேரும் கேட்டாச்சு" என்றாள் அவள், ஏரியைப் பார்த்தபடி.

கரையில் போல்ட்டுகளைத் தளர்த்தி, நங்கூரம் என்ஜினைத் தூக்கிப் பிடிக்க, மச்சான் பலகைமேல் இரண்டு விரல் கனத்துக்குக் கட்டை வைத்தார். நாற்பத்தெட்டு கிலோவை நங்கூரம் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மார்பில் மார்பு படும் நெருக்கம். ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் பட்டது. இருவரும் என்ஜினின் மூடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறை படகு பறந்தது. நங்கூரத்துக்கே கொஞ்சம் பயமாக இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. ஏரியின் நடுவில், மிதவையைச் சுற்றி வரலாம் என்று கைப்பிடியைத் தள்ளினார். படகு சாய்ந்தது. அவ்வளவுதான், விசிறி காற்றைக் குடித்துவிட்டது. என்ஜின் கழுத்தைப் பிடித்ததுபோல் அலறியது. படகோ பிடிப்பு இல்லாமல் வழுக்கிக்கொண்டு நேரே மிதவையை நோக்கிப் போனது. கணக்கு வாத்தியார் மூன்றரையும் சரிந்து நங்கூரத்தின் காலடிக்கு உருண்டார்.

"ஆக்சிலேட்டரைக் குறைங்க மாப்பிள்ளை! குறைங்க!"

"குறைச்சாச்சு மச்சான்!"

"நேரா பிடிங்க, மெதுவா…"

"பிடிச்சாச்சு, பிடிச்சாச்சு!"

விசிறி மறுபடி தண்ணீரைக் கவ்வியது. மிதவை ஒரு கை தூரத்தில் கடந்து போனது. நங்கூரம் என்ஜினை அணைத்தார். படகு ஆடிக்கொண்டு நின்றது. கேன்கள் மட்டும் இங்குமங்கும் உருண்டன.

"இனிமே நான் இறங்கிக்கலாமா?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

மச்சான் கணக்கு வாத்தியாரை ஒவ்வொரு கேனாக எடுத்து அவர் இடத்தில் வைத்தார். வைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார். "அன்னைக்கு நூத்திப் பன்னண்டுன்னு சொல்லியிருக்கக்கூடாது. ஒரு நூத்தி எட்டுதான் இருந்திருப்பீங்க. ஜனம் நின்னதால கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்."

நங்கூரம் கையில் பட்டிருந்த ஆயிலைத் துடைத்தார். துடைத்து முடித்து, மறுபடியும் துடைத்தார்.

"நூத்திப் பதினாலு மச்சான்" என்றார். "அந்த வாரம்தான் பழைய இரும்புக் கடைல கிடந்த பார்சல் ஆபீஸ் தராசுல ஏறிப் பார்த்தேன்."

"தராசு பழுதா இருந்திருக்கும்."

"இல்லை. அன்னைக்கு நல்லாத்தான் இருந்தது."

மச்சான் தலையாட்டினார். அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் பேசியதில்லை. கரைக்கு வந்து கட்டையை ஒரு விரலாகக் குறைத்தார்கள். திருப்பத்தில் அலறல் இல்லை, நேரில் இழுப்பு இல்லை. மச்சான் போல்ட்டுகளை முறுக்கி, கசியாமல் பசை பூசி, "இன்னும் பத்து கிலோ குறைச்சீங்கன்னா மூணாவது துளை. வரும்போது சொல்லுங்க" என்றார்.

"அவர் இதுக்குமேல குறைக்க மாட்டார்" என்றாள் மனைவி. "இனிமே பிடிக்கிறதுக்குத் துணி இல்லை."

மச்சான் மதியம் வீட்டில் சாப்பிட்டார். இரண்டு ஆண்களுக்கும் ஆறு வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். அப்படியொன்றும் இல்லை. என்ஜின் ஆயில் எந்தக் கடையில் நன்றாக இருக்கிறது என்று கால் மணி நேரம் பேசினார்கள். பிறகு இருவரும் முன்னறைத் தரையில் ஆளுக்கொரு பக்கம் படுத்துத் தூங்கிவிட்டார்கள். அவள் அவர்களைத் தாண்டித் தாண்டிப் போய்த் தைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை எட்டரைக்குப் படகு கிளம்பியது. தலைமையாசிரியை முன்னெச்சரிக்கையாக மடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு விழவில்லை. கணக்கு வாத்தியார் ஒரு முறைகூட "ம்" என்று சொல்லவில்லை. எட்டு நாற்பத்தொன்றுக்கு அக்கரையில் இருந்தார்கள். பள்ளிக்கூடக் கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் எட்டே முக்காலுக்குத்தான் சாவியோடு வருவார். நான்கு ஆசிரியர்களும் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். சீக்கிரம் வந்த பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால் நின்று, ஆசிரியர்களும் தாமதமாக வந்தால் வெளியே நிறுத்துவார்கள் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

மாலை தலைமையாசிரியை நங்கூரத்தைக் கேட்டார். "ஏன் மூணு நிமிஷம் முன்னாடியே கொண்டுவந்து விட்டீங்க?"

"என்ஜின் சரியாயிடுச்சு டீச்சர்."

"அதுக்கு? மெதுவா வரலாமே?"

"மெதுவா வந்தா மூக்கு தூக்கும் டீச்சர். அரை வேகத்துல இது நல்லா இருக்காது."

"எட்டு முப்பத்து மூணுக்குக் கிளம்புங்க."

"எட்டரைன்னு பதிவேட்டுல இருக்கு டீச்சர்."

தலைமையாசிரியை யோசித்தார். பதிவேட்டை மாற்றுவதென்றால் மேலே எழுத வேண்டும். எழுதினால் பதில் வர ஒரு வருஷம் ஆகும், வேறு கேள்விகளும் வரும். வாட்ச்மேனைச் சீக்கிரம் வரச் சொல்லலாம், ஆனால் அவரிடம் பேச யாருக்கும் தைரியம் இல்லை.

"அப்போ நடுவுல எங்கயாவது சுத்திட்டு வாங்க" என்றார் கடைசியில்.

அதனால் இப்போது தினமும் காலையில் ஏரியின் நடுவில் படகு ஒரு வட்டம் போடுகிறது. கரையில் இருப்பவர்கள் முதலில் ஏதோ தொலைந்துபோய்த் தேடுகிறார்கள் என்று நினைத்தார்கள். நங்கூரம் கைப்பிடியைத் தள்ளுவார், படகு வலப்பக்கம் சாய்ந்து சீராக வளையும், பின்னால் வெள்ளைக் கோடு வட்டமாகச் சேரும். அதற்குச் சரியாக ஒரு நிமிஷம் ஆகும். மிச்ச இரண்டு நிமிஷத்துக்குத் துறையில் கட்டியபின் யாரும் இறங்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், வட்டம் முடிந்து படகு நேராகும் சமயம், வலப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓவிய டீச்சர்.

"இன்னொரு சுத்து போலாமா?" என்றார்.

தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் இருக்கு" என்றார்.